ரேம் ஸ்லாட் இல்லாத லேப்டாப்புக்கு எதுக்கு மாறணும்? ஒரு காரணம் சொல்லுங்க பார்ப்போம்

திருப்புளி:
நேத்து இன்னொரு இழையில நம்ம ஒருகிலோ ஒரு முத்து உதிர்த்திருந்தார். அப்படியே தர்றேன்: "ரேம் ஸ்லாட் இருக்கான்னு பார்த்து லேப்டாப் வாங்குற கூட்டம் இன்னும் டிவிடி டிரைவையும் தேடிக்கிட்டிருக்கும். இன்னைக்குப் புது லேப்டாப்புக்கு மாற மூணே காரணம்தான்: திரை, பேட்டரி, எடை." அங்கேயே பதில் போட்டா மாடரேட்டர் பூட்டு போட்டுடுவார். அதான் தனி இழை. புதுசா வர்றவங்களுக்கு: ரேம்னா ஓடிக்கிட்டிருக்கிற வேலைக்கான தற்காலிக நினைவகம், ஸ்லாட்னா அதைக் கழட்டி மாட்டுற இடம்.

லேப்டாப் எதனால பழசாகுது? ப்ராசஸர் தேய்ஞ்சா போகுது? இல்லை. ரேம் பத்தாம போகுது, ஹார்ட் டிஸ்க் இழுக்குது, பேட்டரி உப்புது. மூணுமே கழட்டி மாத்துற சாமான். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூத்திச் சொச்சம் எம்பி படிக்கும். அதே இடத்துல சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத ஃப்ளாஷ் டிஸ்க்) சொருகினா 500ஐத் தாண்டும். கூட ஒரு 8 ஜிபி ரேம். அவ்வளவுதான், பழைய மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். ரேமை மதர்போர்டோட பற்றவெச்சுட்டா? வாங்குற அன்னைக்கே அதுக்கு நாள் குறிச்சாச்சு. திரை அழகா இருக்காம்!

ஒருகிலோ:
வந்துட்டீங்களா. எஸ்எஸ்டிக்கு ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கிற உலோகத் தகடு) வேணுமா வேண்டாமான்னு ஒரு இழையை நீங்க ஒரு வாரம் இழுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

ரேமை சால்டர் வெச்சுப் பற்றவெக்கிறது உங்களைப் பழிவாங்க இல்லை. மின்சாரம் குறைவா எடுக்கிற எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேம் 8533 வேகத்துல (நொடிக்கு அத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்) ஓடுது. நீங்க கும்பிடுற சோடிம் ஸ்லாட்டுல (கழட்டி மாட்டுற லேப்டாப் ரேம் பட்டைக்கான ஸ்லாட்) டிடிஆர்5 பெரும்பாலான லேப்டாப்ல 5600தான். ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவுல தூரம் குறையக் குறைய சிக்னல் சுத்தமா இருக்கும், மின்சாரம் குறைவா போகும். மூடி வெச்ச லேப்டாப்பை மறுநாள் திறந்தாலும் சார்ஜ் அப்படியே இருக்குன்னா அதுல இந்த ரேமுக்கும் பங்கு இருக்கு. 2020ல ஆப்பிள் தன்னோட எம்1 சிப் போட்டுக் கொண்டுவந்த மேக்புக் ஏர்ல ஃபேனே கிடையாது. உங்க ஸ்லாட் மெஷினை மடியில வெச்சு வேலை பார்க்க முடியுமா?

திருப்புளி:
8533, 5600. எக்செல் திறக்கிறதுக்கு எவ்வளவு வித்தியாசம் தெரியும், அதைச் சொல்லுங்க. ரேம் தீர்ந்துட்டா வேகம் எவ்வளவா இருந்தா என்ன?

எம்1ன்னு நீங்களே ஆரம்பிச்சதால கேட்கிறேன். 2020ல ஆப்பிள் 8 ஜிபியைத்தான் அடிப்படையா கொடுத்தாங்க. 2024 அக்டோபர்ல அதே கம்பெனி ஏர் மாடல்களுக்கெல்லாம் 16ஐ அடிப்படை ஆக்கிடுச்சு. அப்போ 8 வாங்கினவர் என்ன பண்ணணும்? ஸ்லாட் இருந்திருந்தா இன்னொரு 8 போட்டுட்டுப் போயிருப்பார்.

எட்டிப்பார்த்தவள்:
ஒரு சின்னக் கேள்வி. என்னோடது 2017 லேப்டாப், ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி. விண்டோஸ் 11 வராதுன்னு சொல்லுது. விண்டோஸ் 10க்கு அப்டேட் முடிஞ்சுடுச்சாமே. இது ஒண்ணுக்காக மட்டும் புதுசு வாங்கலாமா?

திருப்புளி:
உங்க மெஷின்ல எத்தனை ஸ்லாட்? ஒண்ணா ரெண்டா? பின்மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு வாங்க.

பெங்குவின்:
அவங்க கேட்டது விண்டோஸைப் பத்தி. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு அம்சம் வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறையாவது வேணும். ஏழாம் தலைமுறை ஐ5 பட்டியல்லயே இல்லை. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. தனிநபர்களுக்குன்னு பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் ஒரு வருஷம் நீட்டியிருக்காங்க, அதுக்குத் தனியா பதிவு பண்ணணும். அதுக்கும் மேலன்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கிற இலவச ஓஎஸ் போடுங்க. ஐ5க்கும் 8 ஜிபிக்கும் பிரமாதமா ஓடும். புது லேப்டாப்பே வேண்டாம்.

ஒருகிலோ:
ஆரம்பிச்சாச்சு. எந்தக் கேள்வி கேட்டாலும் லினக்ஸ். இவங்க வீட்ல குழாய் ஒழுகினாலும் லினக்ஸ் போடச் சொல்வாங்க.

பெங்குவின்:
டிரைவர் சாஃப்ட்வேர் தேட விடிய விடிய உட்கார்ந்திருந்தது யாருன்னு நான் சொல்லணுமா?

ஒருகிலோ:
அது உங்க லினக்ஸ்லதான் சார்!

வரப்பு:
மன்னிக்கணும். "மாறணும்"னு நீங்க ரெண்டு பேரும் சொல்றது ஒரே விஷயமான்னே தெரியலை. யாருக்கு, என்ன வேலைக்கு? பத்து பிரவுசர் டேப் திறக்கிறவருக்கும் 4கே வீடியோ வெட்டுறவருக்கும் ஒரே காரணமா இருக்கும்? முதல்ல அதைப் பிரிச்சுக்கிட்டா நல்லது.

திருப்புளி:
வரப்பு, ரெண்டு பேருக்கும் ரேம் வேணும். வேற என்ன பிரிக்கணும்?

ஒருகிலோ:
தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால். என்கிட்ட இருக்கிறது அதே 8 ஜிபி எம்1. பிரவுசர், ஆபீஸ், போட்டோ எடிட்டிங் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுது. ரேம் பத்தலைன்னா எஸ்எஸ்டியில கொஞ்சம் இடத்தை ரேம் மாதிரி எடுத்துக்கும், அதான் ஸ்வாப். எனக்குத் தெரியக்கூட இல்லை. நீங்க இன்னும் 1366க்கு 768 திரையில உட்கார்ந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறீங்க.

திருப்புளி:
என் திரை 1366ன்னு யார் சொன்னது? எப்பவோ மாத்திட்டேன். திரையை போர்டோட இணைக்கிற 30 பின் இடிபி கேபிள் ஒத்துப்போனா ஃபுல் எச்டி ஐபிஎஸ் பேனலை நாமே மாட்டிக்கலாம். ஆக உங்க மூணு காரணத்துல திரையும் காலி.

ஸ்வாப் எடுத்துக்குமாம். எதுல? அதே போர்டுல பற்றவெச்ச எஸ்எஸ்டியில. எழுத எழுத ஃப்ளாஷ் தேயும். அது போனா? ரேமும் போர்டுல, எஸ்எஸ்டியும் போர்டுல. மொத்தமா தூக்கிப் போடவேண்டியதுதான்.

ஒருகிலோ:
2020 மெஷின். எஸ்எஸ்டி போச்சா? போகலை. நீங்க ஆசைப்படறீங்கன்னு அது போகாது.

திருப்புளி:
போகும்போது வாங்க, பேசலாம்.

விசைத்தட்டு:
ஒருத்தர்கூட கீபோர்டைப் பத்திப் பேசலை. நாள் முழுக்க தட்டுற என்னை மாதிரி ஆளுக்கு லேப்டாப் மாத்த அது ஒண்ணே போதும். மெலிசு மெலிசுன்னு போய் 2015ல ஆப்பிள் பட்டர்ஃப்ளைன்னு ரொம்ப மெலிசான ஒரு கீபோர்டு கொண்டுவந்தாங்க. தூசி நுழைஞ்சா எழுத்து ரெண்டு தடவை விழும், இல்லைன்னா விழவே விழாது. 2018ல இலவச ரிப்பேர் திட்டமே அறிவிச்சாங்க. 2019 கடைசியிலதான் கீக்கு அடியில இருக்கிற பழைய கத்தரி (சிசர்) அமைப்புக்குத் திரும்பினாங்க. ஒருகிலோவோட எடைக் காரணத்துக்கு இதுதான் விலை.

ஒருகிலோ:
எம்1ல இருக்கிறது அந்தக் கீபோர்டே இல்லை. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க தம்பி.

விசைத்தட்டு:
தம்பியா? நான் விண்டோஸுக்கு முந்தின டாஸ்ல டைப் பண்ணினப்போ நீங்க எங்க இருந்தீங்களோ. எம்1ல அது இருக்குன்னு நான் எந்த வரியில சொன்னேன்? காட்டுங்க.

திருப்புளி:
கீபோர்டு கெட்டா மாத்திக்கலாம். ரேமைத்தான் மாத்த முடியாது.

விசைத்தட்டு:
நிறைய மாடல்ல கீபோர்டை மேல்மூடியோட ரிவெட் அடிச்சிருக்கான் அண்ணே. நீங்க எதைத்தான் கழட்டிப் பார்த்தீங்க?

திருப்புளி:
நான் எதைக் கழட்டினேன்னு என்கிட்டயே கேட்கிறீங்களா? இந்தத் தளத்துல தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸர் சூட்டைக் கடத்துற பசை) மாத்துறது எப்படின்னு படத்தோட எழுதினது யாருன்னு தேடிப் பாருங்க. அதைப் படிச்சுட்டு எத்தனை பேர் புது லேப்டாப் வாங்குற எண்ணத்தையே விட்டாங்க! நன்றி சொல்ல ஆள் இல்லை, கேள்வி கேட்க மட்டும் வந்துடுவாங்க.

பொறி:
ரெண்டு பேருக்கும் ஒரு தகவல். எல்பிடிடிஆரைக் கழட்டி மாத்துற மாதிரியே செய்ய முடியும். எல்பிகேம்2ன்னு ஒரு வடிவம் இருக்கு. 2023 டிசம்பர்ல ரேம் தரநிலைகளை வகுக்கிற ஜெடெக் அமைப்பு அதைத் தரநிலையா வெளியிட்டுச்சு. 2024ல லெனோவோவோட திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை லேப்டாப்புல வந்துடுச்சு. திருகு போட்டு போர்டுல படுக்கவைக்கிற தட்டையான மாட்யூல். அதனால மின்சாரமும் மிச்சம், மாத்தவும் முடியும்.

திருப்புளி:
பார்த்தீங்களா! சால்டர் அவசியமே இல்லைன்னு தொழில்துறையே ஒத்துக்கிச்சு.

ஒருகிலோ:
பார்த்தீங்களா! பழைய சோடிம் ஸ்லாட் உதவாதுன்னு தொழில்துறையே ஒத்துக்கிச்சு.

பொறி:
நான் ரெண்டுமே சொல்லலை.

ஒருகிலோ:
இன்னொண்ணு. கழட்டி மாத்துறதையே கொள்கையா வெச்சிருக்கிற ஃப்ரேம்வொர்க் கம்பெனி 2025ல ஏஎம்டியோட ரைசன் ஏஐ மேக்ஸ் சிப் போட்டு ஒரு மெஷின் அறிவிச்சாங்க. அதுல ரேம் சால்டர்தான். சிப்புக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்கிற 256 பிட் அகலப் பாதைக்கு மாட்யூல் வெச்சா சிக்னல் நிக்கலைன்னு அவங்களே காரணமும் சொன்னாங்க. உங்க குலதெய்வமே கைவிட்டுடுச்சு.

திருப்புளி:
அது டெஸ்க்டாப். இழையோட தலைப்பு லேப்டாப். இன்டெல் என்ன பண்ணுச்சு? 2024ல லூனார் லேக் சிப்போட பேக்கேஜ்லயே (சிப் இருக்கிற அதே உறையிலயே) ரேமை வெச்சாங்க. 16 ஜிபி இல்லைன்னா 32, வேற வழியே கிடையாது. அடுத்த தலைமுறையில இப்படிச் செய்ய மாட்டோம்னு சீக்கிரமே சொல்லிட்டாங்க.

ஒருகிலோ:
லாபம் குறையுதுன்னு விட்டாங்க. உங்க ஸ்லாட் மேல வந்த பாசத்துல இல்லை. பேக்கேஜை விட்டு வெளிய எடுத்தா ஸ்லாட்டுக்குத்தான் போகணுமா? போர்டுலயும் பற்றவெப்பாங்க.

திருப்புளி:
விட்டாங்கல்ல? அது போதும்.

எட்டிப்பார்த்தவள்:
மூடியைக் கழட்டிட்டேன். ஒரு ஸ்லாட்தான் இருக்கு, அதுல 8 ஜிபி இருக்கு. பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்கிறதில்லை. சார்ஜரும் பழைய உருண்டை முனை. போன் சார்ஜராலயே லேப்டாப்பும் சார்ஜ் ஆகும்னா எனக்கு அதுவே பெரிய காரணம். மாத்தலாமா?

திருப்புளி:
ஸ்லாட் இருக்கா! அப்போ எதுக்குப் புதுசு? 8ஐ எடுத்துட்டு 16 போடுங்க. பேட்டரியும் ஒண்ணு மாத்துங்க. விண்டோஸோட பவர்சிஎஃப்ஜி கட்டளையில பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெபாசிட்டிக்கும் (புதுசுல இருந்த அளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிக்கும் (இப்போ ஏறுற அளவு) எவ்வளவு இடைவெளின்னு பார்த்துட்டு வாங்க.

பெங்குவின்:
ரேம் போட்டா விண்டோஸ் 11 வந்துடுமா? அவங்க முதல்ல கேட்டது அதைத்தான்.

திருப்புளி:
நீங்கதான் லினக்ஸ் போடச் சொன்னீங்கல்ல, போட்டுக் கொடுங்களேன்.

ஒருகிலோ:
அம்மா, இவங்க பேச்சைக் கேட்காதீங்க. யூஎஸ்பி சி சார்ஜிங், பத்து மணி நேரத்துக்கு மேல பேட்டரி, நல்ல திரை. மூணும் புது மெஷின்லதான் ஒண்ணா வரும். சார்ஜர் மட்டும் 45, 65 வாட்டா பார்த்து எடுத்துக்கோங்க, சின்ன போன் சார்ஜர் பத்தாது.

வரப்பு:
கடைகள்ல இப்போ ஏஐ பிசின்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க. அதுல இருக்கிற 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு) என்பியு, அதாவது ஏஐ வேலைக்குன்னே இருக்கிற பகுதி, ஒரு காரணமாகுமா?

ஒருகிலோ:
இப்போதைக்கு ஸ்டிக்கர்தான்.

திருப்புளி:
அதுலயும் என் பேச்சுதான் ஜெயிச்சது. 2024 மே மாசம் கோபைலட் பிளஸ்ங்கிற ஏஐ பிசி வகையை அறிவிச்சப்போ 16 ஜிபி கட்டாயம்னு மைக்ரோசாப்டே சொல்லிடுச்சு. 8 போதும்னு இங்க ஒருத்தர் சொல்லிக்கிட்டிருந்தாரே, எங்க அவர்?

ஒருகிலோ:
இங்கதான் இருக்கேன். என் 8 ஜிபியிலதான் இதை டைப் பண்றேன். ஃபேன் சத்தம் இல்லாம.

விசைத்தட்டு:
டைப்னதும் ஞாபகம் வந்தது. "எந்த வரியில சொன்னேன்"னு கேட்டேனே, பதிலைக் காணோம்.

ஒருகிலோ:
உங்களுக்கு இன்னும் அதானா?

விசைத்தட்டு:
அதேதான். என் லேப்டாப்ல 8 ஜிபி போர்டுலயே இருக்கு, கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கு. உங்க ரெண்டு பேர் சண்டையும் என் மெஷின்ல செல்லாது. அந்த ஸ்லாட்ல 16 போட்டு ஓட்டுறேன்.

திருப்புளி:
8ம் 16ம் சேர்த்தா ட்யூயல் சேனல் (ரெண்டு ரேமையும் ஒரே நேரத்துல படிக்கிறது) போயிடுமே! எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தது? சமமா 8தான் போடணும்.

பொறி:
முழுசா போகாது. இன்டெல் மெஷின்ல சமமா இருக்கிற 8ம் 8ம் ட்யூயலா ஓடும், மிச்சம் 8 சிங்கிளா ஓடும்.

திருப்புளி:
மிச்சம் சிங்கிள்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதைத்தான் நானும் சொன்னேன்.

பொறி:
நீங்க சொன்னது "போயிடும்".

திருப்புளி:
பாதி போனாலும் போனதுதான். சோதிச்சுப் பார்த்த ஸ்கிரீன்ஷாட் வெச்சிருக்கேன். இதுக்குத் தனி இழை போடுறேன், அங்க வாங்க.

ஒருகிலோ:
இன்னொரு ஹீட்சிங்க் இழை ரெடி.