மேக் வேறு வேறு, ஐபி மட்டும் ஒன்றே. எப்படி?

நள்ளிரவு_ஷிஃப்ட்:
வீட்டில் கேவிஎம் (லினக்ஸில் ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் வசதி) வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். உபுண்டு சர்வர் 22.04 விஎம் ஒன்றை ஒழுங்காக செட் பண்ணி, விர்ட்-க்ளோன் (விஎம்மை நகலெடுக்கும் கருவி) போட்டு மூன்றாக்கினேன். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மூன்றுக்கும் வேறுதான், 52:54:00-க்குப் பிறகு எதுவுமே ஒத்துப்போகவில்லை. ஆனாலும் மூன்றும் 192.168.122.57-ஐத்தான் வாங்குகின்றன. எஸ்எஸ்ஹெச் போட்டு (தொலைவிலிருந்து) உள்ளே போனால் ஒரு தடவை முதல் விஎம், கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, நடுவில் அப்படியே தொங்கிவிடுகிறது. நிலையான ஐபி கொடுத்துத் தப்பிக்கலாம், ஆனால் ஏன் இப்படி என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.

பழைய_அட்மின்:
மூன்றிலும் மெஷின்-ஐடியைப் (ஒவ்வொரு லினக்ஸ் நிறுவலுக்கும் உள்ள தனி அடையாளம்) பாருங்கள், நகலெடுத்ததால் ஒன்றாகவே இருக்கும். உபுண்டு சர்வரில் டிஹெச்சிபி வழியாக, அதாவது தானாக, ஐபி கேட்பது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்ற சேவை. அது மேக்கைச் சொல்லிக் கேட்பதில்லை, மெஷின்-ஐடியிலிருந்து ஒரு கிளையன்ட் ஐடி தயாரித்து அதைத்தான் அனுப்பும். ஐபி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் பார்வையில் மூன்று பேரும் ஒரே ஆள், கார்டை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறார். விர்ஷில் (விஎம்களை நிர்வகிக்கும் கட்டளை) லீஸ் பட்டியலை, அதாவது யாருக்கு எந்த ஐபி என்ற பட்டியலை, எடுத்தால் மூன்று விஎம்முக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருக்கும், அதில் மேக் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

இடிசி (/etc) அடைவுக்குள் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி ரீபூட் பண்ணுங்கள். கோப்பையே அழிக்க வேண்டாம். இல்லையென்றால் நெட்பிளானில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) டிஹெச்சிபி-ஐடென்டிஃபயர் என்ற இடத்தில் மேக் என்று போட்டு அப்ளை செய்யுங்கள், போதும்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
காலியாக்கி ரீபூட் பண்ணினேன் அண்ணா. பழைய ஐடியே திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது!

பழைய_அட்மின்:
டிபஸ் அடைவிலும் ஒரு மெஷின்-ஐடி இருக்கும், வார்-லிப்-டிபஸ்ஸுக்குள் (/var/lib/dbus). அது இடிசி கோப்புக்கு சிம்லிங்காக (அந்தக் கோப்பையே காட்டும் குறுக்குவழி) இருந்தால் பிரச்சினை இல்லை. தனிக் கோப்பாக இருந்தால் பூட் ஆகும்போது சிஸ்டம்டி அங்கிருந்து பழையதையே எடுத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு சிம்லிங்க் போடுங்கள்.

கயிறு_இல்லா_கேபிள்:
இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லையே. எஸ்எஸ்ஹெச் மாறி மாறி வேறு விஎம்முக்குப் போயும் ஹோஸ்ட் கீ (எஸ்எஸ்ஹெச் சர்வரை அடையாளம் காட்டும் சாவி) மாறிவிட்டது என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை, இல்லையா? மூன்றிலும் ஒரே கீ, அதனால்தான். அதையும் அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். அடுத்த முறை க்ளோன் எடுத்தவுடன் விர்ட்-சிஸ்பிரெப் கருவியை ஓட்டினால் ஐடி, கீ இரண்டையும் அதுவே துடைத்துவிடும். விஎம் அணைந்திருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் கை வைத்தால் ஃபைல் சிஸ்டம் போய்விடும்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
சிம்லிங்க்தான் இல்லை. போட்டு, ஐடி கோப்பை மறுபடி காலியாக்கி ரீபூட் பண்ணியதும் லீஸ் பட்டியலில் மூன்று வரி வந்துவிட்டது. கீயையும் மாற்றிவிட்டேன், இப்போதுதான் அந்த எச்சரிக்கை வருகிறது.