கல்லடி வீட்டில் குளிரூட்டி ஓடியும் அறை குளிரவில்லை

கேள்வி (கல்லடி):
கடற்கரையை அண்டிய எங்கள் வீட்டில் குளிரூட்டி இரவு முழுவதும் ஓடியும் அறை குளிர்வதில்லை; வெளி அலகில் மெல்லிய குழாயில் மட்டும் வெண்பனி படிந்திருக்கிறது. திருத்துநர் கேஸ் (குளிரூட்டும் வாயு) நிரப்பினால் போதும் என்கிறார். நிரப்பலாமா?

பதில் (கல்முனை):
முதலில் உள் அலகின் காற்று வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள். காற்றோட்டம் குறைந்தால் பெரும்பாலும் தடித்த குழாயில்தான் பனி கட்டும். மெல்லிய குழாயில் மட்டும் என்றால் கேஸ் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கேஸ் எரிபொருளைப்போலத் தீர்ந்துபோவதில்லை; குறைந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே குழாய்களில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி ஏற்றி, சவர்க்கார நுரை பூசிக் கசிவைக் கண்டு அடைத்து, குழாய்களை வெற்றிடமாக்கி, அலகின் விபரத் தகட்டில் குறித்த எடைக்கே நிரப்பும்படி வற்புறுத்துங்கள்.

பதில் (காத்தான்குடி):
நம் கரையோரத்தில் உப்புக்காற்று வெளி அலகில் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளை அரித்துவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்தபின், தகடுகள் வளையாதபடி மெதுவாக நன்னீர் ஊற்றி அடிக்கடி கழுவுங்கள்.