வார்ட்டன் காட்டில் மணல் பாதைகளை மூடுவது சரியா? உங்கள் கருத்து வேண்டும்

முல்லிக்காகரை எழுதியது:

வணக்கம். தெற்கு நியூ ஜெர்சியில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது வார்ட்டன் மாநிலக் காட்டுக்குள் அடிக்கடி போகிறவர்களாக இருந்தால் ஒரு யோசனை சொல்லுங்கள். காட்டுக்குள் ஓடும் மணல் பாதைகளில் எவற்றில் கார் போகலாம் என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஒரு வரைபடம் போட்டிருக்கிறது. அதில் இல்லாத பாதைகளில் நடந்து போகலாம், வண்டி கூடாது. இந்தப் பேச்சை எடுத்தாலே என் அலுவலகத்தில் இரண்டு கட்சி ஆகிவிடுகிறார்கள்.

என் குழப்பம் இதுதான். அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, நூறு அடி நடந்தாலே உட்கார இடம் தேடுவார். ஊரிலிருந்து வந்திருந்தபோது காட்டுக்குள் இருக்கும் அட்சியன் என்ற இடத்திலிருந்து குவேக்கர் பாலம் வரைக்கும் அந்த மணல் பாதையில் மெதுவாகக் காரை ஓட்டிக் கூட்டிக்கொண்டு போனேன், இரண்டு பக்கமும் பைன் மரம், சன்னலைத் திறந்தால் பிசின் வாசனை, பாலத்துக்கு அடியில் கட்டஞ்சாயா நிறத்தில் ஆறு. "நம்ம ஊர் வண்டிப்பாதை மாதிரியே இருக்குடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அமெரிக்காவில் பார்த்த எதையும் விட இதைத்தான் இன்னும் பேசுகிறார். சரி, பாதை திறந்தே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் போன ஏப்ரலில் பிள்ளைகளோடு போனபோது பாதையோரம் ஒரு குட்டையைப் பார்த்தோம். பெரிய டயர் வண்டிகள் உள்ளே இறங்கிச் சுற்றிச் சுற்றி உழுது போட்டிருந்தன, கரையில் ஒரு புல் மிச்சமில்லை. என் மகள் "இதை யார் செய்தது, ஏன்" என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கு முன் தவளைச் சத்தம் கேட்பதற்கென்றே அங்கே நிறுத்துவோம்.

துறைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருக்கிறேன். ஆதரித்தா, எதிர்த்தா?

மணல்தடம் பதில்:

எதிர்த்து எழுதுங்கள் நண்பரே. பன்னிரண்டு வருடமாக அந்தக் காட்டுக்குள் ஜீப் ஓட்டுகிறேன், ஒரு குட்டையிலும் இறங்கியதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை நாங்கள் சேர்ந்து போய்க் குப்பை பொறுக்குகிறோம், பழைய டயர், மெத்தை, ஃபிரிட்ஜ் எல்லாம் இழுத்து வந்திருக்கிறோம்.

இந்தப் பாதைகள் நேற்றுப் போட்டவை இல்லை. 1766இல் இந்தக் காட்டுக்குள் இருக்கும் பாட்ஸ்டோ கிராமத்தில் இரும்பு உலை தொடங்கியபோது, சதுப்பிலிருந்து இரும்புத் தாதும் கரிமூட்டத்திலிருந்து கரியும் இந்த வழியாகத்தான் மாட்டு வண்டியில் வந்தன. உங்கள் அப்பா பார்த்த குவேக்கர் பாலம்கூட, ஆற்றைக் கடக்கும்போது ஆட்கள் மூழ்கிச் செத்ததால் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1772இல் கட்டியது. மாநில அரசு இந்தக் காட்டை வாங்கியதே 1954இல்தான். பாதை காட்டின் சரித்திரத்தில் ஒரு பகுதி, அதை மூடினால் அந்தச் சரித்திரமும் மூடிக்கொள்ளும்.

நாசம் செய்கிறவன் யார்? பதிவெண் இல்லாத நாலு சக்கர பைக்கில் வருகிறவன். அது மாநிலக் காட்டுக்குள் ஏற்கெனவே தடை செய்யப்பட்டதுதான். வரைபடம் பார்த்துத் திரும்பிப் போகிறவன் நானும் நீங்களும், அவன் இல்லை. 1,20,000 ஏக்கருக்கு மேல் இருக்கும் காட்டுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காவலர்கள் இருக்கிறார்கள், எங்களைப் போன்றவர்களும் உள்ளே வராவிட்டால் யார் பார்த்துச் சொல்வது? 2015இல் இதே மாதிரி ஒரு திட்டம் கொண்டு வந்து எதிர்ப்புக்குப் பின் கைவிட்டார்கள். அப்போது கேட்டதையே இப்போதும் கேட்கிறோம், ஆளைப் போடு, அபராதம் போடு.

குட்டைத்தவளை பதில்:

மணல்தடம் அண்ணா, குப்பை எடுத்ததற்கு மனதார நன்றி, நானும் அதில் ஒரு முறை வந்திருக்கிறேன். ஆனால் குட்டையில் வண்டியை இறக்கி ஆடுகிறவர்கள் எல்லாம் பதிவெண் இல்லாதவர்கள் என்பது சரியில்லை. பதிவு, காப்பீடு எல்லாம் இருக்கும் பெரிய வண்டிகள் நடுக்குட்டையில் சிக்கி, இழுவை வண்டிக்காகக் காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

முல்லிக்காகரை, உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தக் குட்டைகள் கோடையில் வற்றிவிடும். வற்றுவதால்தான் அதில் மீன் இல்லை, மீன் இல்லாததால்தான் பைன் காட்டு மரத்தவளையின் முட்டை பிழைக்கிறது. பச்சை உடம்பில் ஊதாக் கோடு போட்ட சின்னத் தவளை, இரண்டு அங்குலம்கூட இருக்காது. வற்றி நிற்கும்போது வெறும் சேற்று மைதானம் மாதிரித் தெரிகிறதா, அதைப் பார்த்துத்தான் வண்டியை இறக்குகிறார்கள். நீர் ஏறி இறங்கும் அளவுக்கு ஏற்றபடி வட்டம் வட்டமாக வளரும் செடிகள், பூச்சி பிடிக்கும் பனித்துளிச் செடி உட்பட, ஒரே மாலையில் போய்விடும். பைன் பாம்பும் அப்படித்தான், திறந்த மணலில் தானே குழி தோண்டி முட்டை வைக்கும், அந்த மணல் பெரும்பாலும் பாதையோரம்தான்.

பாதை எப்படிப் பெருகுகிறது என்பதையும் பாருங்கள். மழைத் தண்ணீர் தேங்குகிறது, அடுத்த வண்டி ஓரமாக ஒதுங்கிப் போகிறது, ஓரமும் பள்ளமாகிறது, அப்புறம் இன்னும் ஓரம். நாலு வருடத்தில் ஒரு பாதை மூன்றாகிவிடும், எது அசல் என்று யாராலும் சொல்ல முடியாது. 2017இல் இந்தப் பைன் காட்டுப் பகுதியைக் கண்காணிக்கும் பைன்லேண்ட்ஸ் ஆணையம், எவை பாதைகள் என்பதற்கு 1997ஆம் ஆண்டு நிலவரைபடத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. அந்த இருபது வருடத்தில் காடு கோடு போட்டபடியே நிற்குமா? சில கோடுகளில் மரக்கன்று முளைத்துவிட்டது, சில கோடுகள் நேராகத் தண்ணீருக்குள் போகின்றன.

காட்டுக்குக் கீழே 17 லட்சம் கோடி கேலன் நல்ல தண்ணீர் மணலில் ஊறிக் கிடக்கிறது. காட்டுக்குப் பெயர் தந்த வார்ட்டன் என்ற தொழிலதிபர் இந்த நிலத்தை வாங்கிச் சேர்த்ததே தண்ணீரை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்கத்தான், நியூ ஜெர்சி சட்டம் போட்டுத் தடுத்தது. அன்றைக்குத் தடுத்ததால்தான் இன்றைக்கு நாம் சண்டை போட ஒரு காடாவது மிச்சம் இருக்கிறது.

தீயோரம் பதில்:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 2022 ஜூனில் இதே காட்டில் பிடித்த முல்லிக்கா ஆற்றுத் தீயில் 13,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, அணைக்காமல் விட்ட சட்டவிரோத முகாம் நெருப்பிலிருந்து தொடங்கியது. அப்போது மணல் பாதைகள்தான் தீத்தடுப்புக் கோடு. பாதையே இல்லாமல் போனால் தீயணைப்பு வண்டி உள்ளே போக முடியாது. ஆகவே மூடுவதென்றால் பொதுமக்கள் வண்டிக்கு மூடுங்கள், மரம் முளைக்க விட்டு அழித்துவிடாதீர்கள். கடிதத்தில் இதையும் எழுதுங்கள்.

தாளவாடிக்காரன் பதில்:

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் திம்பம் மலைப்பாதையில் இரவு வண்டிகளுக்குத் தடை வந்தபோது தாளவாடி விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், தக்காளியும் கோஸும் இரவில்தானே சந்தைக்குக் கிளம்பும். பிறகு உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. சிறுத்தையும் மானும் அடிபட்டுச் சாவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் விலக்கு யாருக்கு என்பதை முதலிலேயே பேசியிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. நடக்க முடியாதவர்களுக்கு அனுமதிச் சீட்டு தரச் சொல்லிக் கேளுங்கள்.

முல்லிக்காகரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குட்டைத்தவளை அக்கா சொன்னதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், மீன் இல்லாததால் தவளை என்ற இடத்தில் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள்.

ஆதரித்துத்தான் எழுதப் போகிறேன். மணல்தடம் நண்பரே, காவலர் போதாது என்று நீங்கள் சொன்னதை அப்படியே முதல் பத்தியில் வைக்கிறேன், ஆள் போடாமல் வரைபடம் மட்டும் போட்டால் அந்தக் குட்டைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் குட்டைக்குள் முடியும் தடத்தையும் குவேக்கர் பாலத்துக்குப் போகும் பாதையையும் ஒன்றாக வைத்து, எல்லாம் பழைய பாதை என்று பேச என்னால் முடியவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அனுமதிச் சீட்டு, தீயணைப்புக்கான பாதைகளைப் பராமரிப்பது, இந்த இரண்டும் கடிதத்தில் இருக்கும். வாசித்துத் திருத்தித் தர யாராவது முன்வந்தால் இங்கேயே போடுகிறேன், சனிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.