"கையில என்னம்மா அது?" – சென்சார், பம்ப்போடு வெளியே போன அனுபவங்கள்

பெரம்பூர்க்காரி:
மூன்று வாரமாக உறுத்துகிறது, இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், 11 வருஷம். கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவைப் போனில் காட்டும். அடையாறிலிருந்து 29சி-யில் வந்துகொண்டிருந்தேன். மயிலாப்பூர் தாண்டியதும் போனில் லோ அலாரம். 58, அம்புக்குறி நேர் கீழே, வேகமாக இறங்குகிறது என்று அர்த்தம். பையில் எப்போதும் இருக்கும் குளுக்கோஸ் டப்பா அன்றைக்குப் பார்த்து இல்லை. பக்கத்து சீட்டில் காலிப் பூக்கூடையோடு ஒரு அம்மா. என் கை நடுங்குவதைப் பார்த்ததுமே, "சுகர் எறங்குதா?" என்று கேட்டு, சுருக்குப் பையிலிருந்து பேப்பரில் மடித்த சர்க்கரையை எடுத்து நீட்டினார். தனக்காக வைத்திருந்தது. முழுவதையும் வாயில் கொட்டிக்கொண்டேன்.

ஜெமினி வந்தபோது தலை தெளிந்தது. அப்புறம்தான் கேட்டார், "கையில என்னம்மா அது, வட்டமா?" விளக்கினேன். "குத்தாமலே தெரியுதா?" என்று தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். அவர் இடது காலில் இரண்டு விரல் இல்லை. "எவ்ளோ வெல?" என்றார். "ஆபீஸ்ல குடுத்தாங்கம்மா" என்றேன். பொய். 14 நாளைக்கு ஒன்று, நாலாயிரத்துக்கு மேல் கொடுத்து நானேதான் வாங்குகிறேன். அந்தக் காலி பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேளச்சேரி அப்பா:
மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. என் பெண்ணுக்கு அப்போது 9 வயது, உடம்புக்குள் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும் பம்ப் போட்டிருந்தாள். படகோடு வந்த மீனவத் தம்பி ஒருவர், "அந்த வயரைக் கழட்டிடு பாப்பா, நனைஞ்சிடும்" என்றார். அவள் அழவே இல்லை. "கழட்டினா கொஞ்ச நேரத்துல எனக்கு முடியாம போயிடும்ண்ணா" என்று சொன்னாள். பம்ப்பில் ஓடுவது வேகமாக வேலைசெய்யும் இன்சுலின் மட்டும்தான். அது சில மணி நேரம் நின்றாலே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏற ஆரம்பித்துவிடும். இதை நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவர் தன் போனைச் சுற்றியிருந்த பாலிதீன் கவரைப் பிரித்துப் பம்ப்பில் சுற்றினார். போனைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவளைத் தோளில் தூக்கிப் படகில் உட்காரவைத்தார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

அம்பத்தூர் 72:
பெரம்பூர்க்காரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். விலையைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குக் கட்டாது என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்கள். என் அம்மா கோயம்பேட்டில் கீரை விற்றவர். எந்தப் பொருளின் விலையும் அவரை வருத்தியதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களைப் பார்த்தால்தான் முகம் சுருங்கும். சென்சார் எல்லாம் இவ்வளவு புழக்கத்தில் இல்லாத காலம், 2009. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த மறுநாள் நர்ஸிடம், "செருப்பு ஒத்தையா விப்பாங்களாம்மா?" என்று கேட்டார். அந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார். சாயங்காலம் வந்து சொல்லவும் செய்தார். அம்மா சாகும்வரை அவரைப் பற்றிப் பேசினார்.

திருவல்லிக்கேணி மருமகள்:
என் கதை சின்னது. மாமனாருக்கு 76 வயது. ராத்திரி 2.40-க்கு அலாரம், 54. அவரை உலுக்கி எழுப்பி, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல மூன்று ஸ்பூன் சர்க்கரையை ஊட்டிவிட்டேன். பிறகு விரலில் குத்திப் பார்த்தால் 187. சென்சார் இருந்த கையை அழுத்திப் படுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த ராத்திரி அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரைத்தான் அளக்கிறது. அதனால் சில நிமிஷம் பின்தங்கியே காட்டும், அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். உடம்பு சொல்வதும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள். நடுக்கமும் வியர்வையும் இருந்து, மீட்டர் கையில் இல்லையென்றால் முதலில் சர்க்கரை. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேளச்சேரி அப்பா, கரண்ட் போனால் இன்சுலினை மண்பானையில் வையுங்கள். ஈர மணலுக்கு நடுவே சின்னப் பானை, மருந்து நனையாதபடி டப்பாவில் போட்டு. வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். ஐஸில் நேராகப் படக்கூடாது, ஒரு தடவை உறைந்துபோனால் அந்த மருந்தைத் தூக்கித்தான் போட வேண்டும்.

அந்தப் பூக்கார அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள்: மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-லிருந்து நடக்கிறது, மாத்திரை வீட்டுக்கே வரும். சென்ட்ரல் எதிரே ஜிஎச்சில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி மரத்த காலோடு வெயில் நேரத்தில் கோயில் பிராகாரக் கல்லில் நடக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே ஒருவருக்குப் பார்த்தசாரதி கோயிலில் உள்ளங்கால் கொப்பளித்து, சாயங்காலம்வரை அவருக்கே தெரியவில்லை.

பெரம்பூர்க்காரி:
அம்பத்தூர், நீங்கள் சொல்வது சரி. நேற்றும் அதே நேரத்துக்கு 29சி பிடித்தேன். போன வாரமும். அவரைக் காணவில்லை. பையில் இப்போது இரண்டு சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது, ஒன்று அவருடையது.