வருஷத்துக்கு ஒரு கன்னு போடுறது நாட்டு மாடா, கலப்பினமா?

ஹொசகோட்டை கறவைக்காரர்:
"நாட்டு மாடு தவறாம வருஷத்துக்கு ஒரு கன்னு போடும். கலப்பின மாடு எத்தனை சினை ஊசி போட்டாலும் நிக்காது"ன்னு காங்கேயம் ரத்தம்னு பேர் வச்சிருக்கிறவர் நேத்து இங்க எழுதியிருக்கார். (கலப்பினம்னா நாட்டு மாட்டோட சீமை மாட்டைச் சேர்த்து உண்டாக்கினது; சினை ஊசின்னா காளை விந்தை ஊசி மூலமா செலுத்துறது.) படிச்சதுல இருந்து மனசு ஆறல. மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்னு வேணும்னா, ஈன்ன 85 நாளுக்குள்ள மறுபடி சினை பிடிச்சாகணும். எந்த நாட்டு மாடு அப்படிப் பிடிக்குது? பெரும்பாலும் ஒண்ணேகால், ஒன்றரை வருஷம் ஆகுது. நல்லாப் பார்த்துக்கிட்ட கலப்பினம் 13, 14 மாசத்துல ஈனிடும்.

காங்கேயம் ரத்தம்:
எங்க தாத்தா தொழுவத்துல வருஷத்துக்கு ஒரு கன்னு. கண்ணால பார்த்தவன் நான். கணக்கு சொல்லி என்னை மிரட்டாதீங்க.

கறவைக்காரர்:
காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனம். இந்தப் பக்கம் ஹள்ளிகாரும் அப்படித்தான். அதுங்க பெருமையை நான் குறைக்கல. பால் கணக்குல கொண்டு வந்து நிறுத்தினா நான் பேசத்தான் செய்வேன். தலை ஈத்தையே, அதாவது முதல் கன்னையே பாருங்க: கலப்பினக் கிடேரி மூணு வயசை ஒட்டி ஈனிடும், நாட்டுக் கிடேரி நாலு வயசு வரைக்கும் சும்மா தீனி தின்னும்.

ஹெப்பாள் மாணவன்:
ஐயா, ரெண்டு பேரும் எந்த நாட்டு மாட்டைச் சொல்றீங்க? பாலுக்குப் பேர் போன சாஹிவாலா, கிர்ரா, உழவுக்கான ஹள்ளிகாரா, இனமே தெரியாததா? கலப்பினத்துலயும் சீமை ரத்தம் பாதியா முக்காலான்னு பார்க்கணும். ரத்தம் ஏற ஏற வெயிலும் உண்ணிக் காய்ச்சலும் தாங்காது, சினை பிடிக்கிறதும் தள்ளிப் போகும்.

காங்கேயம் ரத்தம்:
பார்த்தீங்களா! படிக்கிற பையனே சொல்லிட்டான், சினை பிடிக்காதுன்னு.

கறவைக்காரர்:
தள்ளிப் போகும்னு சொன்னான், பிடிக்காதுன்னு சொல்லல. தம்பி, நீ பரீட்சைக்குப் படி. ஈன்னதும் மடியைக் காலி பண்ணிக் கறந்துட்டு, தவிடும் தாது உப்பும் போடாம விட்டா எந்த மாடும் பருவத்துக்கு வராது. ஒரு பருவத்தைக் கவனிக்காம விட்டா அடுத்த பருவம் வர 21 நாள் போச்சு. அது ஆள் பண்ற தப்பு. நம்ம பெங்களூர்ப் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு. மெட்ராஸ் வெயில் இங்க இல்ல.

அல்சூர் செல்வி:
கன்னு, கன்னுன்னே பேசுறீங்களே, பாலைப் பத்தி யாராவது கவலைப்படுறீங்களா? எங்க வீட்டுல குழந்தைக்கு நாட்டு மாட்டுப் பால்னு விக்கிற ஏ2 பால்தான்.

கறவைக்காரர்:
அக்கா, 2024 ஆகஸ்ட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் பால்ல இருக்கிற புரத வகையை வச்சு ஏ1, ஏ2ன்னு போட்டு விக்காதீங்கன்னு உத்தரவு போட்டு, ஒரே வாரத்துல திரும்ப வாங்கிக்கிச்சு. அதுக்குத் தனியா சண்டை போடலாம். இங்க கேள்வி கன்னு.

அல்சூர் செல்வி:
வாங்கிட்டாங்கல்ல? அப்போ நான் சொன்னதுதான் சரி.

காங்கேயம் ரத்தம்:
பிரேசில்காரன் நம்ம கிர் மாட்டைக் கொண்டு போய்ப் பால்ல கொடி நாட்டிட்டான். நாம சீமை விந்தைத் தேடி அலையுறோம். வெட்கமா இல்லையா?

கறவைக்காரர்:
அந்தக் கிர்ரை ஹோல்ஸ்டீன்ங்கிற சீமை மாட்டோட சேர்த்துத்தான் அவன் கிரோலாண்டோ உண்டாக்கினான். அவன் பால்ல பெரும்பங்கு அந்தக் கலப்பினம் தர்றது. இதை நானே எத்தனை தடவை இங்க எழுதியிருக்கேன்!

காங்கேயம் ரத்தம்:
2019 கால்நடைக் கணக்கெடுப்புல நாட்டு மாடு 14 கோடிக்கு மேல, உங்க கலப்பினம் 5 கோடி. கன்னு போடாமலா இத்தனை?

கறவைக்காரர்:
முந்தின கணக்கெடுப்பை விட உங்க மாடு குறைஞ்சிருக்கு, எங்களுது கூடியிருக்கு. அதையும் சேர்த்து எழுதுங்க. நாட்டு மாடு நாளைக்குச் சராசரி மூணு, நாலு லிட்டர். கலப்பினம் அதுக்கு ரெண்டு மடங்கு. விவசாயி முட்டாள் இல்ல.

காங்கேயம் ரத்தம்:
பெங்களூர்ச் சாக்கடை கலக்குற பெல்லந்தூர் ஏரிப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடுறவங்க பால் பத்திப் பேச வேண்டாம். அன்னைக்குக் கேட்டதுக்கே இன்னும் பதில் வரல.

கறவைக்காரர்:
என் தொழுவத்துல ஏரிப் புல் நுழைஞ்சதே இல்ல. அன்னைக்கும் இதேதான் சொன்னேன், நீங்கதான் படிக்கல. எங்கிட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசி போட்ட தேதி, ஈன்ன தேதி எழுதின நோட்டு இருக்கு. உங்க தாத்தா கிட்ட இருந்ததா?

காங்கேயம் ரத்தம்:
எங்க தாத்தாவை இதுல இழுக்காதீங்க. நோட்டுப் பார்த்து மாடு வளர்த்த குடும்பம் இல்ல எங்களுது.

ஹெப்பாள் மாணவன்:
ஐயா, எந்த இனம்னு இன்னும் ரெண்டு பேருமே சொல்லல.

கறவைக்காரர்:
தம்பி, நடுவுல வராதே. தாத்தா பேச்சை எடுத்ததே அவர்தான், மேல போய்ப் படிச்சுப் பாரு.