பின்கட்டு அலறல் யார் காதில் விழும்? காரைக்குடி, தேவகோட்டை பக்கத்தவர்கள் கைகொடுங்கள்

வணக்கம். குடும்ப வன்முறையைப் பார்த்தும் பேசாமல் இருப்பவர்களுக்காக ஒரு துண்டறிக்கை தயாராகிறது.

முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள் நம்முடையவை. உள்ளே அலறினால் வாசலுக்கு வராது. கேட்பது அதே வளவில் (வீட்டுக்குள்) இருக்கும் பங்காளிகளுக்கும் வேலைக்கு வரும் அக்காமார்களுக்கும்தான். சாட்சி, கோர்ட் என்று இழுப்பார்களோ என்று பயந்தே ஒதுங்குகிறார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 4ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்றில்லை. இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் யாரும் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்குப் பாயாது. இதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறோம்.

அடி விழும்போது அவசர உதவி எண் 112, ஆலோசனைக்குப் பெண்கள் உதவி எண் 181. அடிப்பவரிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். நீங்கள் திரும்பியதும் அந்தக் கோபம் அவள்மேல்தான் இறங்கும். அதற்குப் பதில் இரண்டு பேராகப் போய், உறை மோர் கேட்கும் சாக்கில் நில்லுங்கள். பல நேரம் கை நின்றுவிடும். பிறகு அவளிடம் தனியாகப் பேசுங்கள்.

அறிக்கையோடு சுருக்குப் பையில் அடங்கும் சீட்டும் உண்டு. அதில் 181 மட்டும், தலைப்பு இல்லை. கணவன் கண்ணில் பட்டால் அதற்கும் அடி விழும் என்பதால்.

ரேஷன் கடை, தையல் கடை, பெண்கள் கழிப்பறைகளில் ஒட்ட அனுமதி வாங்கித் தர ஆள் வேண்டும். ஆச்சிமார்களிடம் உட்கார்ந்து பேசக்கூடிய பெண்கள் அவசியம் வேண்டும். எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள். தெரிந்த வீட்டின் பெயரை மட்டும் இங்கே போடாதீர்கள்.