அபார்ட்மென்ட் பார்க்கிங், தினம் 55 கி.மீ., மாதம் ஒரு மதுரை: மின்சார கார் சரிப்படுமா?

முடிச்சூர்வாசி:

வணக்கம். பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு நெக்ஸான் இவி, 45 யூனிட் பேட்டரி மாடல் எடுக்கும் யோசனை. முடிச்சூரிலிருந்து ஒரகடம் போய்வர தினம் 55 கி.மீ., மாதம் 25 நாள். மாதம் ஒருமுறை மதுரை, நாலு பேர், டிக்கி நிறைய சாமான். வீடு மூன்றாவது மாடி, கார் நிற்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில், அதாவது தரைத்தளத் தூண்களுக்கு நடுவே. இபி மீட்டர்கள் எல்லாம் கீழே மாடிப்படி ஓரம் இருக்கின்றன. இப்போது இரண்டு மாத ரீடிங் 380 யூனிட் வருகிறது.

கேள்விகள்: 7.2 கிலோவாட் சார்ஜர் போட்டே ஆக வேண்டுமா, 15 ஆம்ப் பிளக் போதுமா? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? மதுரைக்கு எத்தனை இடத்தில் நிற்க வேண்டும்? எங்கள் ஏரியாவில் வெள்ளம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்கு என்ன செய்வது? ஷோரூம் பதில் வேண்டாம், ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

எர்த்_பிட்:

முதலில் வயரிங். கார் புக் செய்வதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை இது. பார்க்கிங்கில் லைன் வராது என்றால் மற்ற கேள்விகளுக்கு அவசியமே இல்லை.

உங்கள் ஓட்டத்துக்கு 7.2 தேவையில்லை. 55 கி.மீ.க்குச் சுவரிலிருந்து இழுப்பது 9 யூனிட் சுமார். காரோடு வரும் 15 ஆம்ப் போர்ட்டபிள் சார்ஜர் நிஜத்தில் 2.8, 2.9 கிலோவாட்தான் கொடுக்கும், அதிலேயே மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் வேலை முடிந்தது. மதுரையிலிருந்து 15 சதவீதத்தில் வந்து நின்றால் மட்டும் முழுசா ஏற 15 மணி நேரம் ஆகும். இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். 7.2 போட்டால் சாங்ஷன் லோடு (வீட்டுக்கு இபி அனுமதித்த அளவு) ஏற்ற வேண்டிவரும், சிங்கிள் ஃபேஸ் வீடு என்றால் த்ரீ ஃபேஸுக்கு மாற வேண்டிவரும். அந்தச் செலவுக்கு உங்களுக்குக் கிடைக்கும் லாபம் குறைவு.

மூன்றாவது மாடியிலிருந்து வயர் இறக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. வேண்டாம். மீட்டர் கீழேயே இருப்பதால் உங்கள் மீட்டருக்கு அடுத்து, மெயின் ஸ்விட்ச் பக்கத்திலேயே தனியாக ஒரு சின்ன பாக்ஸ் போட்டு லைன் பிரியுங்கள். அதில் லோடு மீறினால் லைனை நிறுத்தும் 20 ஆம்ப் சி-கர்வ் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இரண்டும் இருக்கட்டும். ஆர்.சி.சி.பி. 'டைப் ஏ' ஆக இருக்க வேண்டும். கடையில் கேட்காமல் வாங்கினால் 'டைப் ஏசி' கொடுத்துவிடுவார்கள். கார் சார்ஜரிலிருந்து டி.சி. கசிவு வந்தால் அந்த 'டைப் ஏசி' சரியாக ட்ரிப் ஆகாது. அங்கிருந்து பார்க்கிங் வரை 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், பிவிசி கான்ட்யூட்டில். 25 மீட்டர் தூரம் என்றாலும் 15 ஆம்பில் வோல்டேஜ் இறக்கம் மூன்றரை வோல்ட்தான். 2.5 ஸ்கொயரும் தாங்கும் என்பார்கள், ஆனால் மணிக்கணக்கில் ஒரே லோடு ஓடும் லைன் இது, வித்தியாசம் சில நூறு ரூபாய்தான்.

எரிவது பெரும்பாலும் வயர் இல்லை, சாக்கெட். ஹாலில் போடும் மாடுலர் 16 ஆம்ப் சாக்கெட் அயர்ன் பாக்ஸுக்குச் சரி. ராத்திரி முழுக்க 13 ஆம்ப் ஓடினால் உள்ளே டெர்மினல் ஸ்க்ரூ லூசாகி, சூடாகி, பிளாஸ்டிக் உருகும். பித்தளை கான்டாக்ட் உள்ள மெட்டல் கிளாட் (உலோகப் பெட்டி) சாக்கெட் போடுங்கள். முதல் வாரம் சார்ஜ் ஓடி ஒரு மணி நேரம் கழித்து பிளக் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறுக்கினால் நல்லது. கார் சார்ஜ் போட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

அடுத்தது எர்த். "சார்ஜரில் சிவப்பு லைட் வருது, கார் கோளாறு" என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள், 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதுக்கு மேலே போனால் சில சார்ஜர்கள் ஸ்டார்ட்டே ஆகாது. பழைய அபார்ட்மென்ட்டில் எர்த் பிட் (எர்த் குழி) மே மாதம் காய்ந்து கிடக்கும், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை துருப்பிடித்திருக்கும். தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சரியாகவில்லை என்றால் 3 மீட்டர் காப்பர் பாண்டட் (செம்பு பூசிய) ராடு ஒன்று தனியாக இறக்கி, 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று டெஸ்டர் வைத்து அளந்து வாங்குங்கள். அளக்காமல் "நல்லா இருக்கு சார்" என்று சொல்கிறவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அசோசியேஷனுக்கு வாய்வார்த்தை வேண்டாம், கடிதம் கொடுங்கள். எந்த மீட்டரிலிருந்து, எவ்வளவு லோடு, கேபிள் எந்த வழி என்று எழுதிக் கூடவே ஒரு படம். வீட்டு இணைப்பிலிருந்தே சொந்த வண்டியைச் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதன் நகலையும் இணையுங்கள். காமன் இபியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம், கணக்கு வழக்கில் சண்டை நிச்சயம்.

ரீடிங்_குறிப்பு:

பில் கணக்கு. மாதம் 1,375 கி.மீ., இரண்டு மாதத்துக்கு 2,750. ஏ.சி. போட்டு நகர ஓட்டத்தில் பேட்டரியிலிருந்து யூனிட்டுக்கு 7 கி.மீ. வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஆகும்போது 10-12 சதவீதம் சூடாகப் போய்விடும், ஷோரூமில் இதைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். அதனால் மீட்டரில் யூனிட்டுக்கு 6.2 கி.மீ.தான். ஆக 440 யூனிட் கூடும், உங்கள் 380 யூனிட் 820 ஆகும்.

இங்கேதான் ஸ்லாப் (யூனிட் கூடக் கூட ஏறும் விலைப் படி) விளையாடும், 2024 ஜூலை கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும். 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாயைத் தாண்டும், 800-க்கு மேல் 10 ரூபாயைத் தாண்டும். அந்தக் கட்டணத்தில் போட்டால் 380 யூனிட்டுக்கு 1,080 ரூபாய் சுமார், 820 யூனிட்டுக்கு 4,980 சுமார். காருக்காகக் கூடுவது 3,900 ரூபாய், கி.மீ.க்கு 1.40. பெட்ரோல் லிட்டர் 101, மைலேஜ் 14 என்று வைத்தால் கி.மீ.க்கு 7 ரூபாய்க்கு மேல் ஆகிறது. "கி.மீ.க்கு ஒரு ரூபாய்கூட இல்லை" என்ற விளம்பரம் கீழ் ஸ்லாபிலேயே நிற்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

ரோட்டோரத்து டி.சி. சார்ஜர் (வேகமாக ஏற்றுவது) வேறு கணக்கு. அங்கே யூனிட் 18 முதல் 25 ரூபாய், சில இடங்களில் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அதை மட்டுமே நம்பி ஓட்டினால் கி.மீ.க்கு 4 ரூபாயை நெருங்கும், சின்ன டீசல் காரோடு பெரிய வித்தியாசம் இருக்காது.

உளுந்தூர்பேட்டை_டோல்:

மதுரைக்கு வருவோம். பிரவுச்சரில் போட்டிருக்கும் 489 கி.மீ.யை மறந்துவிடுங்கள். நாலு பேர், சாமான், ஏ.சி., 90-95 வேகம் என்றால் யூனிட்டுக்கு 6.3 கி.மீ. வரும். 110-ல் பிடித்தால் 5-க்கு இறங்கும். வேகம்தான் ரேஞ்சைத் தின்னும், ஏ.சி. இல்லை. ஹைவேயில் ஏ.சி. இழுப்பது ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பெருங்களத்தூர் சிக்னல் நெரிசலில் 20 வேகத்தில் ஊர்ந்தால் அதே ஏ.சி. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை எட்டும். பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

100 சதவீதத்தில் கிளம்பினால் உளுந்தூர்பேட்டை 175 கி.மீ., அங்கே 38 சதவீதம் மீதி இருக்கும். 60 கிலோவாட் சார்ஜரில் 80 வரை ஏற்ற அரை மணிக்குக் கொஞ்சம் மேலே, சாப்பாட்டு நேரம்தான். அடுத்து திருச்சி 130 கி.மீ., 34-ல் போய் நிற்பீர்கள். மறுபடி 80 வரை. மதுரையில் 30-க்கு மேல் வைத்துக்கொண்டு இறங்கலாம். 80-க்கு மேல் டி.சி.யில் ஏற்றாதீர்கள். கடைசி 20 சதவீதம் ரொம்ப மெதுவாக ஏறும், பின்னால் நிற்பவருக்கும் எரிச்சல்.

பாரத் பெட்ரோலியம் 2022-ல் சென்னை-திருச்சி-மதுரை ரோட்டில் பங்குகளில் வரிசையாக வைத்தது, அதற்கப்புறம் ஓட்டல் வளாகங்களில் நிறைய வந்துவிட்டன. எண்ணிக்கை பிரச்சினை இல்லை. போய் நிற்கும்போது அது வேலை செய்கிறதா என்பதுதான் பிரச்சினை. ஆப்பில் "அவைலபிள்" என்று பச்சையாகக் காட்டினாலும், கடைசியாக யாராவது எப்போது சார்ஜ் செய்தார்கள் என்பதைப் பாருங்கள். இரண்டு நாளாக யாரும் செய்யவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு கன் (காரில் மாட்டும் பிளக்) உள்ள 60 கிலோவாட் மெஷினில் பக்கத்தில் இன்னொரு கார் மாட்டினால் ஆளுக்கு 30 ஆகிவிடும். எப்போதும் அடுத்த ஸ்டேஷன் வரை போகும் சார்ஜ் மீதி வைத்து முதல் ஸ்டேஷனுக்குள் நுழையுங்கள். மூன்று ஆப்பில் முன்கூட்டியே ஐநூறு ஐநூறு போட்டு வையுங்கள், ரோட்டோரத்தில் ஓடிபி வராமல் நிற்பது கொடுமை.

மாட்டினதும் "கம்யூனிகேஷன் எரர்", "இன்சுலேஷன் ஃபால்ட்" வந்தால் உடனே கிளம்பாதீர்கள். டி.சி. கேபிள் கனம், அந்தக் கனத்தில் கன் கீழே தொங்கிப் பின் சரியாகச் சேராது. கையால் தூக்கி உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுங்கள், சார்ஜ் ஓட ஆரம்பித்ததும் விடலாம். அதுவும் ஆகவில்லை என்றால் காரை லாக் செய்து திறந்து மறுபடி மாட்டுங்கள். அடுத்து ஹெல்ப்லைனில் ரிமோட் ரீசெட் கேளுங்கள். எமர்ஜென்சி பட்டனை யாராவது அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்களா என்றும் பாருங்கள், வலது பக்கமாகத் திருகினால் வெளியே வரும்.

வேலு_சேலம்:

பொங்கல், தீபாவளிக்கு முந்தின ராத்திரி மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஒரு கன்னுக்கு மூன்று கார் நின்றால் இரண்டு மணி நேரம் காலி. ஒரே கார்தான், பண்டிகைக்குக் கண்டிப்பாக ஊருக்குப் போகணும் என்றால் ஒருநாள் முன்னால் கிளம்புங்கள், இல்லையென்றால் ரயிலில் டிக்கெட் போடுங்கள்.

எர்த்_பிட்:

வெள்ளத்தை யாரும் தொடவில்லை. பேட்டரி பெட்டி ஐபி67. அதற்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வைத்து டெஸ்ட் செய்யப்பட்டது என்பது மட்டும்தான். 2015 மாதிரி ராத்திரி முழுக்க நின்றால் அந்தச் சான்றிதழைக் காட்டி ஒன்றும் ஆகாது. பேட்டரி தப்பினாலும் கனெக்டர், 12 வோல்ட் வயரிங், சீட்டுக்குக் கீழே உள்ள கன்ட்ரோல் யூனிட்கள் போய்விடும்.

ரெட் அலர்ட் வந்தால் 100 சதவீதம் ஏற்றி, வேளச்சேரிக்காரர்கள் பாலத்தில் நிறுத்துகிற மாதிரி நீங்களும் மேடான இடம் பார்த்து நிறுத்துங்கள். பார்க்கிங் எம்.சி.பி.யை ஆஃப் செய்துவிடுங்கள். சாக்கெட்டை 2015-ல் தண்ணீர் நின்ற அளவுக்கு மேலே வையுங்கள், சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கும். கார் நனைந்துவிட்டால் ஆன் செய்யவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. சக்கரம் உருள இழுத்துப் போகவும் கூடாது, மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும். ஃப்ளாட்பெட் வண்டிதான். வெள்ளத்தில் நனைந்த பேட்டரிக்கு இழப்பீடு உண்டா என்று பாலிசி வாங்கும்போதே எழுத்தில் பாருங்கள்.

ஒரு நல்ல விஷயம், இந்தக் காரில் வி2எல் (கார் பேட்டரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கும் வசதி) இருக்கிறது. அதற்கான அடாப்டர் இருந்தால் கரண்ட் இல்லாத நாளில் ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட், போன் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 4 யூனிட் போகும், முழு பேட்டரியில் ஒரு வாரம் தள்ளலாம். எக்ஸ்டென்ஷன் இழுத்துப் பொருள்களை நேராக மாட்டுங்கள். வீட்டு வயரிங்கில் திருப்பிக் கொடுக்க மட்டும் முயலாதீர்கள், லைன்மேன் உயிர் போகும்.

முடிச்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நியூட்ரல்-எர்த் பார்த்தேன், 7 வோல்ட் காட்டுகிறது. எர்த் வேலைதான் முதலில். இன்னும் இரண்டு கேள்வி: தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்தணுமா? கோடையில் ஊட்டி போனால் ஏறுமா?

உளுந்தூர்பேட்டை_டோல்:

நெக்ஸானில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. தினம் 80-90 போதும், ஆனால் வாரத்துக்கு ஒருமுறை வீட்டு ஸ்லோ சார்ஜில் 100 வரை விட்டு அதுவாக நிற்கும்வரை பிளக்கை எடுக்காதீர்கள். எல்.எஃப்.பி.யில் வோல்டேஜ் 20-லிருந்து 90 வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும், முழுசா ஏறினால்தான் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் எலக்ட்ரானிக்ஸ்) சதவீதத்தைச் சரியாகக் கணிக்கும், செல்களும் சமமாகும். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் 12 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென 4 ஆகும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரி உள்ள கார் என்றால் 80-ல் நிறுத்துவது நல்லது.

ஊட்டி தாராளமாக ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து 1,900 மீட்டர் உயரம், ஆளோடு 1,800 கிலோ. ஏறுவதற்கு மட்டும் 10 யூனிட், ரோட்டுக்கு 5. மேட்டுப்பாளையத்தில் 70 சதவீதம் இருந்தால் மேலே 35-ல் நிற்பீர்கள். கவனம் வேண்டியது இறங்கும்போது. ஊட்டி ஓட்டலில் ராத்திரி 100 ஏற்றிவிட்டு இறங்கினால் ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டார் தயாரித்துப் பேட்டரிக்குத் திருப்பும் கரண்ட்) போக இடமில்லை, முழு பாரமும் பிரேக் பேடில் விழும், குன்னூர் வளைவுகளில் பிரேக் கருகும் வாசனை வரும். 80-ல் நிறுத்தி, ரீஜெனை அதிகபட்சத்தில் வைத்து இறங்குங்கள். கீழே வரும்போது 85-க்கு மேல் காட்டும்.